வாடகைக்காரனுக்கு மீட்டர் கிடையாதா?

தில்லியை ஒட்டின ஊர்கள்ல இது எங்களுக்கு நாலாவது வாடகை வீடு. நாலுலயும் ஒரே கதைதான். ஒண்ணாம் தேதியானா வீட்டுக்காரர் சப்-மீட்டரைப் பார்த்துட்டு, யூனிட்டுக்குப் பத்து ரூபான்னு துண்டுச் சீட்டு நீட்டுவார். உங்களுக்கு வந்த பில்லைக் காட்டுங்கன்னா, "பிடிக்கலைன்னா காலி பண்ணுங்க"ன்னு பதில் வரும். போன ஜூன்ல பணம் ரெண்டு நாள் தாமதமாச்சுன்னு ஃப்யூஸைப் பிடுங்கிட்டார். வீட்ல ஆறு மாசக் குழந்தை, வெளியே அனல் காத்து.

பாக்கி வச்சா மின்சாரக் கம்பெனியே 15 நாள் எழுத்துல நோட்டீஸ் கொடுத்துட்டுத்தான் துண்டிக்க முடியும். கம்பெனிக்கு இல்லாத அதிகாரம் இவருக்கு எங்கேர்ந்து வந்தது?

சரி, நம்ம பேர்லயே கனெக்‌ஷன் வாங்கிடுவோம்னு வாடகை ஒப்பந்தத்தோட ஆபீசுக்குப் போனேன். "ஓனர்கிட்ட என்.ஓ.சி. வாங்கிட்டு வாங்க"ன்னாங்க. யார் பிடியிலேர்ந்து தப்பிக்க வந்தேனோ, அவர்கிட்டயே கையெழுத்து வாங்கணுமாம்!

2003 மின்சாரச் சட்டம் 43-வது பிரிவு என்ன சொல்லுது? உரிமையாளர் அல்லது குடியிருப்பவர், யார் விண்ணப்பிச்சாலும் இணைப்பு கொடுக்கணும். தவறினா நாளுக்கு 1000 ரூபாய் வரை அபராதம். வீட்டுக்காரர் என்.ஓ.சி. தரலைங்கறதுக்காக வாடகைக்காரருக்கு மின்சாரம் மறுக்கக்கூடாதுன்னு 2022-ல உச்ச நீதிமன்றமும் சொல்லியாச்சு. விண்ணப்பிச்சவர் அங்கே குடியிருக்காரான்னு பார்த்தா போதுமாம். தில்லியிலயே 2019-ல வாடகைக்காரங்களுக்குன்னு ப்ரீபெய்ட் மீட்டர் திட்டம் அறிவிச்சாங்க.

வீட்டுக்காரர் பயமும் எனக்குப் புரியுது. பில்லை வச்சு வீட்டையே அமுக்கிடுவானோன்னு நினைக்கிறார். ஐயா, பில் சொல்றது யார் குடியிருக்காங்கன்னுதான், யார் சொத்துன்னு இல்லை. பாக்கி வச்சுட்டு ஓடிடுவான்னு பயந்தா, அதுக்குத்தான் ப்ரீபெய்ட் மீட்டர் இருக்கே!

எனக்குக் கோபம் நம்ம மேலயும்தான். "ரெண்டு வருஷத்துல மாற்றலாகிடும், நமக்கேன் வம்பு"ன்னு பேசாம பத்து ரூபாயை எண்ணி வச்சுட்டு வர்றோம். நமக்கப்புறம் அந்த வீட்டுக்கு வர்றவனுக்கும் அதே துண்டுச் சீட்டு. கேக்கத் தெரிஞ்சவனுக்கு மட்டும் வேலை செய்யற சட்டம், கேக்க பயப்படறவனுக்கு வெறும் காகிதம்தானே?

நேத்து மறுபடி போனேன். "மறுக்கறதா இருந்தா காரணத்தை எழுதிக் கொடுங்க"ன்னு கேட்டேன். என்.ஓ.சி. பேச்சையே காணோம், விண்ணப்பத்தை வாங்கி சீல் குத்திக் கொடுத்துட்டாங்க :-) மறுத்தா அடுத்தது நுகர்வோர் குறைதீர் மன்றம், அப்புறம் மின் குறைதீர்ப்பாளர்.

மீட்டர் வந்ததும் சொல்றேன். நீங்களும் வாயால கேக்காதீங்க மக்களே, எழுதிக் கேளுங்க.