தம்பினிலிருந்து மலாக்காவுக்கு ஒரு தனிப் பயணம்

“தனியாவா போற?”

காலை ஏழு மணிக்குக் காடிச் சாவியை எடுத்தபோது அம்மா மூன்றாவது முறையாகக் கேட்டார். தம்பினிலிருந்து மலாக்கா ஏறக்குறைய 40 கிலோமீட்டர்தான். கோலாலம்பூரில் வேலை முடிந்து நள்ளிரவில் தனியாக வீடு திரும்புகிறவள் நான். அதை அம்மாவிடம் சொன்னால் கவலை இன்னும் கூடும் என்பதால், “மத்தியானத்துக்குள்ள வந்துடுவேன்மா” என்று மட்டும் சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

உண்மையில் ஊர் சுற்றிப் பார்க்க நான் கிளம்பவில்லை. முதல் நாள் இரவு அண்ணனோடு சிறு சண்டை. அண்ணன் மகளுக்கு ஏழு வயது. நான் தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் வரும். “வீட்ல தமிழ் பேசக் கூடாதா?” என்று கேட்டேன். “உனக்கென்ன, நீ தமிழ் பேசித்தான் சம்பளம் வாங்குற. நாங்க அப்படியா?” என்றார் அண்ணன். வானொலியில் எத்தனையோ நேயர்களுக்குச் சட்டென்று பதில் சொல்லியிருக்கிறேன். அன்றைக்கு எனக்குப் பேச்சு வரவில்லை.

தம்பினைத் தாண்டினால் உடனே பூலாவ் செபாங். ஊர் முடிந்தது தெரியாமலே மாநிலம் மாறிவிடும். இந்த வழியில் முன்பு மலாக்காவுக்கு ரயில் ஓடியது. ஜப்பானியர் ஆட்சியில் அந்தத் தண்டவாளத்தைப் பெயர்த்தெடுத்து சயாம் - பர்மா ரயில் பாதைக்குக் கொண்டு போனார்கள். தண்டவாளத்தோடு ஆட்களும் போனார்கள். நெகிரி செம்பிலான் தோட்டங்களில், “சயாமுக்குப் போனவர் திரும்பலை” என்ற வாக்கியம் தெரியாத பழைய குடும்பம் குறைவு.

எங்கள் தாத்தாவின் அண்ணனும் அப்படிப் போனவர்தான். நாங்கள் அவரைப் பெரிய தாத்தா என்போம். புகைப்படம் இல்லை, இறந்த தேதி இல்லை. தீபாவளிக்கு முதல் நாள் லயத்து வீட்டில் முன்னோருக்குப் படையல் போடும்போது, பாட்டி ஓர் இலை கூடுதலாகப் போடுவார். “இது சயாமுக்குப் போனவருக்கு” என்பார். அந்த இலையில் கருவாட்டுக் குழம்பு கட்டாயம் இருக்கும். பாட்டி போன பிறகு தோட்டமும் கைமாறியது. கித்தா மரங்கள் போய்ச் செம்பனை வந்தது, லயங்களை உடைத்தார்கள், நாங்கள் தாமான் வீட்டுக்கு வந்தோம். படையல் எப்போது நின்றது என்று எங்கள் யாருக்கும் சரியாக ஞாபகம் இல்லை.

அலோர்காஜாவைக் கடந்து நெடுஞ்சாலையில் ஏறியதும் இன்னொன்று நினைவுக்கு வந்தது. நம் பாட்டன் பூட்டன்களை இந்த நாட்டுக்கு இழுத்து வந்த கித்தா மரம், தோட்டப் பயிராக முதலில் வேர் பிடித்தது மலாக்காவில்தான். சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவின் ரிட்லி கொடுத்த ஊக்கத்தில், டான் சே யான் என்ற மலாக்காச் சீனர் 1896-இல் புக்கிட் லிந்தாங்கில் மரங்களை நட்டார். அதைத் தொடர்ந்து தோட்டங்கள் பெருகின. பால்மரம் சீவ ஆள் தேவைப்பட்டது. நாம் வந்தோம்.

ஆனால், மலாக்காவுக்குத் தமிழர் வந்தது அதற்கும் நானூறு ஆண்டுகளுக்கு முன்பே.

எட்டரை மணிக்கே நகருக்குள் போய்விட்டதால் காடி நிறுத்த இடம் கிடைத்தது. வார இறுதியில் போகிறவர்கள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள். பத்து மணிக்கு மேல் ஜோங்கர் தெருப் பக்கம் நகரவே முடியாது. சிவப்பு ஸ்டாதைஸ் கட்டடத்தையும் போர்த்துகீசியர் கோட்டை வாசலையும் எல்லாரும் படம் எடுப்பார்கள். நான் ஆற்றைக் கடந்து ஜாலான் துக்காங் அமாசுக்கு நடந்தேன்.

அங்கே ஸ்ரீ பொய்யாத விநாயகர் கோயில் இருக்கிறது. 1781-இல் கட்டியது. டச்சுக்காரர்கள் கொடுத்த நிலத்தில், மலாக்காச் செட்டிகளின் தலைவராக இருந்த தெய்வநாயகம் செட்டி எழுப்பிய கோயில். இன்று நகரத்தார் பராமரிக்கிறார்கள். சில அடி தூரத்தில் 1748-இல் தோன்றிய கம்போங் கிளிங் பள்ளிவாசல். தென்னிந்திய முஸ்லிம் வணிகர்களின் இடம் அது. இன்னும் கொஞ்சம் நடந்தால் செங் ஹூன் தெங் சீனக் கோயில்.

பள்ளிவாசலின் பெயர்ப் பலகை முன்னால் கொஞ்ச நேரம் நின்றேன். இடைநிலைப்பள்ளியில் அந்தச் சொல்லைச் சொல்லி என்னைக் கேலி செய்திருக்கிறார்கள். அழுதிருக்கிறேன். அதே சொல் இங்கே ஒரு தெருவாசிகளின் பெயராக, கப்பலோட்டி வந்த வணிகரின் பெயராக நிற்கிறது. கலிங்கம் என்பதிலிருந்து வந்த சொல் என்பார்கள். காயம் ஆறிவிட்டது என்று சொல்ல மாட்டேன். ஆனால், அந்தச் சொல்லுக்கு என் வகுப்பறையை விட வயது அதிகம் என்று தெரிந்தது.

அங்கிருந்து காஜா பெராங். செட்டிகளின் கம்போங் அங்கேதான்.

மலாக்கா சுல்தான்களின் காலத்தில், அதாவது 15-ஆம் நூற்றாண்டில், பருவக்காற்றைப் பிடித்து வந்த தமிழ் வணிகர்கள் திரும்பும் காற்றுக்காக மாதக்கணக்கில் இங்கே காத்திருந்தார்கள். சிலர் உள்ளூர்ப் பெண்களை மணந்து தங்கிவிட்டார்கள். 1511-இல் போர்த்துகீசியர், 1641-இல் டச்சுக்காரர், பிறகு ஆங்கிலேயர். வணிகம் கைவிட்டுப் போக, நகரத்தை விட்டு விலகி வந்து பயிர் செய்தார்கள். அவர்களின் சந்ததியினர் பேசுவது மலாய். பெண்கள் உடுத்துவது கெபாயா. பெயருக்குப் பின்னால் பிள்ளை, செட்டி, நாயக்கர். கும்பிடுவது மாரியம்மனை. அங்குள்ள முத்துமாரியம்மன் கோயில் 1822-இல் கட்டியது.

கோயில் வாசலைப் பெருக்கிக்கொண்டிருந்த ஒரு வயதான அம்மாவிடம், பழக்கதோஷத்தில் தமிழில் பேச்சுக் கொடுத்தேன். சிரித்தார். “எனக்குத் தமிழ் வராது மகளே” என்று மலாயில் சொன்னார். அந்த நொடியில் என் மனதில் வந்தது இரக்கம்தான். ஐயோ பாவம், மொழியை விட்டுவிட்டார்களே என்று.

அவர் வீட்டுத் திண்ணைக்குக் கூப்பிட்டுக் காப்பி கொடுத்தார். நிலைப்படியில் மாவிலைத் தோரணம். ‘பார்ச்சு’ பற்றிக் கேட்டேன். முன்னோருக்குப் போடும் படையலை அவர்கள் அப்படித்தான் சொல்கிறார்கள். பொங்கலுக்கு முதல் நாள் போகியன்று ஒன்று, ஜூன், ஜூலையில் பழப் பருவத்தில் இன்னொன்று. வாழையிலை விரித்து, இறந்தவர்களுக்குப் பிடித்ததை எல்லாம் வைக்கிறார்கள். பழப் பருவத்துப் படையலில் டுரியானும் மங்குஸ்தீனும்கூட உண்டு. தன் கொள்ளுப்பாட்டிக்கு எந்தப் பலகாரம் பிடிக்கும் என்று அவர் விரல் விட்டுச் சொன்னார். அவர் பார்த்தே இராத கொள்ளுப்பாட்டி.

“நீங்க என்ன வைப்பீங்க?” என்று கேட்டார்.

கேள்வி சாதாரணமானதுதான். எனக்குத்தான் பதில் இல்லை. “இப்போது போடுவதில்லை” என்று மலாயில் சொன்னேன். அவர் குறை எதுவும் சொல்லவில்லை. காப்பியை இன்னும் கொஞ்சம் ஊற்றினார்.

அவர்களிடம் இழப்பே இல்லை என்று நான் எழுதினால் அது பொய். தாங்கள் கட்டிய கோயிலில் ஓதுவது தங்களுக்கே புரியாமல் கைகூப்பி நிற்பது சின்ன இழப்பு இல்லை. அதை அந்த அம்மாவே சொன்னார். பேரப்பிள்ளைகள் தமிழ் படித்தால் நன்றாக இருக்கும் என்றார். மொழி போனால் போகட்டும், சடங்கு இருந்தால் போதும் என்ற முடிவுக்கு நான் வரவில்லை. வரவும் மாட்டேன். ஆனால், மொழியைக் கையில் வைத்துக்கொண்டு மற்றதை எல்லாம் நழுவவிட்ட நான், அண்ணனுக்குப் பாடம் நடத்தியது சரியா? தினமும் நான்கு மணி நேரம் தமிழில் பேசுகிறேன். பெரிய தாத்தாவைப் பற்றி அண்ணன் மகளிடம் ஒரு நாளாவது பேசியிருக்கிறேனா? அவள் தமிழில் கேட்கும்படி நான் எந்தக் கதையைச் சொன்னேன்?

மத்தியானம் சொன்னபடி வீட்டுக்கு வந்துவிட்டேன். திரும்பும்போது பூலாவ் செபாங்கில் காடியை ஓரம் கட்டி, அப்பாவை அழைத்து, பெரிய தாத்தாவின் பெயரைக் கேட்டு எழுதிக்கொண்டேன். எனக்கு முப்பது வயதுக்கு மேலாகிவிட்டது. அவர் முழுப் பெயரை அன்றுதான் கேட்கிறேன்.

மாலை அண்ணனிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. அதெல்லாம் எங்கள் வீட்டில் பழக்கமில்லை. “இந்தத் தீபாவளிக்கு உங்க வீட்ல படையல் போடலாமா?” என்றேன். அண்ணன் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “கருவாட்டுக் குழம்பு யாரு வைக்கிறது? அண்ணிக்குத் தெரியாது” என்றார். அம்மா அடுப்படியிலிருந்தே, “நான் இருக்கேன்ல” என்றார்.

அண்ணன் மகள் யாருக்கு என்று ஆங்கிலத்தில் கேட்டாள். பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு, தமிழிலேயே ஆரம்பித்தேன். இங்கேயிருந்து மலாக்காவுக்கு முன்னாடி ஒரு ரயில் ஓடுச்சு என்று. பாதிக் கதையில் அவள் இடைமறித்தாள்.

“அப்புறம் தண்டவாளம் எங்க போச்சு, அத்தை?”