கட்டிநிற்கும் தோணி

யாழ்ப்பாணத்தார்க்கு ஆறு இல்லை. வழுக்கியாறு என ஒன்று உளதாயினும், அது மாரியிற் பெருகி அராலிப் பக்கத்திற் கடனீரேரியோடு கலந்து, கோடையில் வறண்ட தடமாய்க் கிடப்பது. தொண்டைமானாறோ பெயரால் ஆறு, இயல்பால் உவர்நீரேரி. கரணவாய் உப்பினைக் கப்பலேற்றுதற்பொருட்டுத் தொண்டைமான் ஒருவன் வெட்டுவித்த கால்வாயே அதுவென்பது வழிவழி வந்த செய்தி. ஆகவே, தேம்ஸ் நதியிற் படகைக் கரையிற் பிணித்து ஆங்கிலேயர் கோடைப்பொழுதைப் போக்கும் செய்தியை, ஜெறோம் கே. ஜெறோம் 1889 ஆம் ஆண்டில் வெளியிட்ட நகைச்சுவை நூலிற் படிக்கும் எம்மவர், அவ்வின்பம் தமக்குரியதன்றென எண்ணுதல் இயல்பே. அவ்வெண்ணம் பொருந்தாதென்பதே எமது கருத்து.

ஆறு இல்லையெனினும் நீர் உண்டு. கோடை முதிர்ந்து சோளகம் தணியத் தொடங்கும் ஆவணி மாலையில் எமது நீரேரிகளின் கரைக்குச் சென்று பார்ப்போர் இதனை அறிவர். முழங்காலளவு நீரில் முளையொன்றிற் கட்டுண்டு வள்ளம் மெல்ல அசையும். அப்பாற் சிறகுவலைக் கம்புகள் நிரைநிரையாய் நிற்க, அவற்றின்மேல் நீர்க்காகங்கள் சிறகுலர்த்தும். வடபுலத்திலிருந்து உள்ளான்கள் வந்திறங்கத் தொடங்குங் காலமும் அதுவே. தொண்டைமானாற்றங்கரையாயின், செல்வச்சந்நிதியான் மகோற்சவ மணியோசையும் நீர்மேல் தவழ்ந்து வரும். அவ்வள்ளத்தில் ஒரு மாலைப்பொழுது வேலையெதுவுமின்றி அமர்ந்திருத்தற்கு வேண்டிய செல்வம் மிகச் சிறிது.

ஆயினும் எம்மவர் அமர்ந்திருப்பதில்லை. படகு எமக்குத் தொழிற்கருவி; அன்றேற் பயணக்கருவி. வல்வெட்டித்துறையிற் கட்டப்பெற்ற அன்னபூரணி 1938 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் குளோசெஸ்டர்த் துறையை அடைந்த பெருமையைப் பேசுகின்றோம். காரைநகரிலிருந்து ஊர்காவற்றுறைக்குப் போவோர் ஏறும் மிதவைக்கு எம்மவர் இட்ட பெயரே 'பாதை' என்பது. போகாத படகு எமது கணக்கில் வருவாயற்ற படகு. சும்மாயிருத்தலைச் சாதனைகளுள் உயர்ந்ததாக வைத்த சைவமரபிலே பிறந்தும், பிள்ளை ஒரு மாலை சும்மாயிருக்கக் கண்டாற் பதறுகின்றோம். விடுமுறை பிறந்ததும் பாடசாலை வாயில் அடைபடத் தனியார் வகுப்புகளின் வாயில் திறக்கின்றது.

இதனினும் ஆழமான காரணமும் ஒன்றுண்டு. 1985 ஆம் ஆண்டில் நெடுந்தீவிலிருந்து புறப்பட்ட குமுதினிப் படகிற் பயணிகள் பலர் வெட்டிக் கொல்லப்பட்டனர். தரைவழி அடைபட்ட 1990களின் முற்பகுதியிற் கிளாலி நீரேரியை இருளிற் கடந்தோர் எண்ணற்றோர். 1993 ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அவ்வாறு சென்றோர் பலர் நீர்மேலேயே உயிரிழந்தனர். நடுவழியிற் படகு நின்றால் நெஞ்சும் நின்ற காலம் அது. அன்று சிறுவராயும் இளைஞராயும் கிளாலியைக் கடந்தோரே இன்றைய மாணவர் பலரின் பெற்றோர். 2011 ஆம் ஆண்டிற் சங்குப்பிட்டிப் பாலம் திறக்கப்பட்டபின், பூநகரிப் பக்கம் போவார்க்குத் தோணியே வேண்டியதில்லை. எனவே இளந்தலைமுறை நீரேரியை ஊர்தியின் பலகணியூடாக மட்டுமே காண்கின்றது. பெற்றோரின் அச்சம் அவர்களுக்கு எஞ்சியது. நீரோடிருந்த உறவு எஞ்சவில்லை. எமக்கு இஃது இழப்பாகவே படுகின்றது.

கேரளத்தில் முன்னாளில் நெல்லும் சரக்கும் ஏற்றிய கெட்டுவள்ளங்கள் இன்று உல்லாசப் பயணிகளின் மிதக்கும் விடுதிகளாயின. அத்தகைய ஆடம்பரத்தை யாம் வேண்டவில்லை. இரண்டாந் தவணை விடுமுறையில் ஒரேயொரு மாலை, மாணவர் சிலரை ஆசிரியர் அழைத்துச் சென்று, கட்டிநிற்கும் வள்ளத்தில் இருத்துதலையே வேண்டுகின்றோம்.

நீரேரி மீனவரின் வயல் என்பதை மறத்தல் ஆகாது. அவர் ஓய்ந்திருக்கும் வேளையை அவரிடமே கேட்டறிந்து, உரிய கூலி கொடுத்து, அவர் விருந்தினராகவே செல்லல் வேண்டும். உயிர்காப்பு அங்கி அணிதலும், வலைக்கு ஊறு செய்யாமையும், பிளாஸ்டிக் குப்பையை நீரிலிடாமையும் கட்டாயம். மீன்களின் பெயரையும் காற்றுகளின் பெயரையும் அவர் சொல்லக் கேட்டல் நன்று. சொல்லாதிருப்பின் மௌனமும் நன்று. திரும்பியபின் அதுபற்றிக் கட்டுரை வரையுமாறு மாணவரைப் பணியாதிருத்தல் மிக நன்று.

இதனாற் பரீட்சைப் பேறு குன்றுமோ என ஐயுறுவார்க்கு ஒன்று கூறுவோம். ஆண்டு முழுவதும் முறுக்கிய நரம்பில் இசை பிறவாது. தளர்த்தவும் அறிந்தவனே யாழை வைத்துக் காக்கவல்லான்.

விழா மலர்கள் தேர்வையும், ஆட்டத்தையும், எழுப்பிய கட்டடங்களையும் எண்ணிப் பெருமை கொள்ளுதல் மரபு. பழைய மாணவர் பலர் நல்லூர்த் திருவிழாவை ஒட்டிப் பிறநாடுகளிலிருந்து ஊர் திரும்புகின்றனர். அவர்கள் கல்லூரிக்குப் பொருளுதவி செய்வதோடு, ஒரு மாலை தம்மூர்ப் பிள்ளைகளோடு நீரேரிக் கரைக்கும் வருவாராக. முன்னொருகால் எவரும் அஞ்சி ஏறிய தோணியில் எமது பிள்ளைகள் அச்சமின்றி அமர்ந்திருத்தல், கல்லூரி அவர்களுக்கு அளிக்கக்கூடிய கல்வியுள் ஒன்றென்பது எமது துணிபு.