கூட்டத்துக்குப் போறீங்களா? ஃப்ளூவைத் தடுக்க சானிட்டைசர் பாட்டில் மட்டும் போதுமா?

தி.நகர் ரங்கநாதன் தெருவில் தீபாவளி பர்ச்சேஸ். கிளாம்பாக்கத்தில் ஊருக்கு பஸ் பிடிக்கக் காத்திருக்கும் கூட்டம். மார்கழியில் சபா கச்சேரிகள், தை பிறந்தால் வரிசையாகக் கல்யாணங்கள். தமிழ்நாட்டில் கூட்டம் கூடும் சீசன் அக்டோபரில் தொடங்கி பொங்கலையும் தாண்டி நீள்கிறது. ஃப்ளூ காய்ச்சலும் ஏறக்குறைய அதே நேரத்தில்தான் வருகிறது என்பதுதான் சிக்கல்.

இந்தியா முழுக்க ஃப்ளூவுக்கு ஒரே சீசன் கிடையாது. டெல்லி, புனே, கொல்கத்தா போன்ற ஊர்களில் தென்மேற்குப் பருவமழையோடு ஃப்ளூவும் உச்சத்துக்குப் போகும். ஸ்ரீநகரில் அது குளிர்கால நோய். சென்னையும் வேலூரும் இரண்டிலும் சேராது. நம்ம ஊர் மழை வடகிழக்குப் பருவமழை என்பதால், இங்கே அக்டோபர், நவம்பரில்தான் ஃப்ளூ அதிகம் பரவுவதாகப் பல ஆண்டுக் கண்காணிப்புத் தரவுகள் காட்டுகின்றன. அதாவது, புதுத் துணி எடுக்கப் போகிற நேரமும் வைரஸ் சுற்றுகிற நேரமும் ஒன்றுதான்.

கை எங்கே மாட்டிக்கொள்கிறது?

ஃப்ளூ முக்கியமாகக் காற்று வழியாகத்தான் பரவுகிறது. இருமும்போதும் தும்மும்போதும், ஏன், சத்தமாகப் பேசும்போதும்கூட வெளியே வரும் துளிகளில் வைரஸ் இருக்கும். கை என்பது இரண்டாவது வழி. ஒருவர் மூக்கைத் துடைத்த கையோடு பஸ் கம்பியைப் பிடிக்கிறார். அடுத்தவர் அதே கம்பியைப் பிடித்துவிட்டு கண்ணைக் கசக்குகிறார். வேலை முடிந்தது.

ஸ்டீல், பிளாஸ்டிக் மாதிரி வழவழப்பான பரப்புகளில் ஃப்ளூ வைரஸ் 24 முதல் 48 மணி நேரம் வரை தாக்குப்பிடிக்கும். துணி, காகிதத்தில் 12 மணி நேரத்துக்குள் அடங்கிவிடும். கையில் சில நிமிடங்கள்தான். "அஞ்சு நிமிஷம்தானே" என்று நினைத்தால், அந்த ஐந்து நிமிடம் நம் கை சும்மா இருக்காது. ஆஸ்திரேலியாவின் சிட்னியில் மருத்துவ மாணவர்களை வீடியோ எடுத்துக் கவனித்த ஆய்வு ஒன்று 2015-இல் வெளியானது. ஒருவர் சராசரியாக மணிக்கு 23 முறை முகத்தைத் தொட்டிருக்கிறார். அதில் பாதிக்குச் சற்றுக் குறைவானவை வாய், மூக்கு, கண் ஆகிய இடங்கள். டாக்டருக்குப் படிக்கிறவர்களே இப்படி!

அப்போ கை கழுவினால் எவ்வளவு பலன்? உலகம் முழுக்க நடந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த காக்ரேன் அமைப்பின் 2023 அறிக்கைப்படி, கை சுத்தத்தை வலியுறுத்திய குழுக்களில் சளி, இருமல், காய்ச்சல் போன்ற சுவாசத் தொற்றுகள் சுமார் 14 சதவீதம் குறைந்திருக்கின்றன. பரிசோதனையில் உறுதியான ஃப்ளூவை மட்டும் தனியாகப் பார்த்தால் பலன் அவ்வளவு தெளிவாகத் தெரியவில்லை. கை கழுவுவது வீண் வேலை என்று இதற்கு அர்த்தமில்லை. செலவே இல்லாத 14 சதவீதத்தை யாராவது வேண்டாம் என்பார்களா? ஆனால், அது மட்டுமே கவசம் என்று நம்பிவிடக் கூடாது.

சானிட்டைசரின் பலவீனம்

சானிட்டைசரில் ஆல்கஹால் குறைந்தது 60 சதவீதம் இருக்க வேண்டும். பாட்டிலின் பின்பக்க லேபிளில் இது இருக்கும். முன்பக்கம் இருக்கும் எலுமிச்சைப் படத்தை நம்ப வேண்டாம்.

இன்னொரு விஷயம் பலருக்குத் தெரியாது. ஜப்பானின் கியோட்டோவில் 2019-இல் ஒரு மருத்துவப் பல்கலைக்கழகம் வெளியிட்ட ஆய்வில், ஈரமான சளிக்குள் இருக்கும் ஃப்ளூ வைரஸ் ஆல்கஹால் பட்ட பிறகும் சுமார் நான்கு நிமிடம் வரை உயிர்ப்போடு இருந்தது. சளியின் பிசுபிசுப்பு ஆல்கஹாலை உள்ளே விடாமல் தடுக்கிறது. ஓடும் தண்ணீரில் 30 விநாடி கை கழுவியபோது அதே வைரஸ் போய்விட்டது. ஆக, பஸ் கம்பியையோ லிஃப்ட் பட்டனையோ தொட்ட பிறகு சானிட்டைசர் ஓகே. மூக்கைச் சிந்திய, கையில் தும்மிய பிறகு குழாயடிதான் சரி. கையில் தும்முவதற்குப் பதில் முழங்கை மடிப்பில் தும்மினால் இந்தக் குழப்பமே இல்லை.

பந்திக்கு முன்பா, பின்பா?

எந்தக் கல்யாண மண்டபத்திலும் கை கழுவும் இடத்தைக் கொஞ்ச நேரம் கவனித்தால் ஒன்று புரியும். சாப்பிட்ட பிறகுதான் அங்கே கூட்டம். நெய்யும் சாம்பாரும் போகவேண்டுமே, அதனால் சோப்பும் அப்போதுதான். சாப்பிடுவதற்கு முன்? பந்தியில் இடம் பிடிக்கிற அவசரத்தில் நேராக இலைக்குப் போய், இலையில் தெளித்த தண்ணீரிலேயே விரலை நனைத்துக்கொள்வது நடக்கிறது. அதற்குச் சற்று முன்புதான் மேடையேறி மாப்பிள்ளையோடு கை குலுக்கியிருப்போம். மாப்பிள்ளை அதற்கு முன் 200 பேரோடு கை குலுக்கியிருப்பார்.

கையால் சாப்பிடும் நமக்கு அந்த ஒரு முறை முக்கியம். சோப்பு போட்டு 20 விநாடி, விரல் இடுக்கு, நகம், கட்டை விரல் வரை. கழுவிவிட்டு உடனே பாக்கெட்டிலிருந்து போனை எடுத்து இலையை போட்டோ எடுத்தால் கதை மறுபடி முதலிலிருந்து. இன்ஸ்டா ஸ்டோரியைக் கை கழுவும் முன்பே முடித்துவிடலாம்.

மண்டபம் பிடிக்கும்போது ஏசி, பார்க்கிங், ஜெனரேட்டர் எல்லாம் விசாரிக்கிறோம். கை கழுவும் இடத்தில் சோப்பு யார் பொறுப்பு, தீர்ந்தால் யார் வைப்பது என்று கேட்பவர்கள் அபூர்வம். கேட்டரிங்காரர் மண்டபம் என்பார், மண்டபத்துக்காரர் கேட்டரிங் என்பார். எட்டு மணி பந்திக்குள் சோப்பு காலியாகிவிடும்.

"சும்மா தலையைக் காட்டிட்டு வந்துடு"

சோப்பைவிடப் பெரிய பிரச்சினை இந்த ஒரு வாக்கியம்தான். ஃப்ளூ வந்தவர் அறிகுறி தெரிவதற்கு ஒரு நாள் முன்பிருந்தே மற்றவர்களுக்குப் பரப்பத் தொடங்குவார். அதன்பின் ஐந்து முதல் ஏழு நாள் வரை பரப்பலாம். முதல் மூன்று நாள்தான் தீவிரம். அந்த மூன்று நாளில் மாத்திரை போட்டுக் காய்ச்சலை இறக்கிக்கொண்டு, ஏசி ஹாலில் ஜன்னலைச் சாத்திவிட்டு நடக்கும் ரிசப்ஷனுக்குப் போவதை எந்த சானிட்டைசராலும் ஈடுகட்ட முடியாது. பாராசிட்டமால் காய்ச்சலைத்தான் குறைக்கும், வைரஸைக் குறைக்காது.

போகாவிட்டால் சொந்தத்தில் பேச்சு வரும் என்பதும் உண்மை. ஆனால், முன்வரிசையில் உட்கார்ந்திருப்பது யார் என்று பாருங்கள். தாத்தா, பாட்டி, கைக்குழந்தை, மாசமாக இருக்கும் அக்கா, சுகர் உள்ள மாமா. 25 வயதுக்காரருக்கு ஒரு வார லீவோடு முடியும் ஃப்ளூ, இவர்களுக்கு நிமோனியா வரை போகலாம். உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டில் ஆண்டுதோறும் 2.9 லட்சம் முதல் 6.5 லட்சம் பேர் ஃப்ளூ சார்ந்த சுவாசக் கோளாறால் இறக்கிறார்கள். போனில் வாழ்த்துச் சொல்லிவிட்டு, பத்து நாள் கழித்து வீட்டுக்கே போய் மொய் கொடுத்தால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். போயே தீரவேண்டிய இடம் என்றால் மாஸ்க் போட்டு, காற்றோட்டமான ஓரத்தில் நின்று, சீக்கிரம் கிளம்புவதுதான் அடுத்த வழி.

தடுப்பூசி எப்போது?

ஃப்ளூ வைரஸ் உருமாறிக்கொண்டே இருப்பதால் தடுப்பூசியை ஆண்டுதோறும் போடவேண்டும். போட்டு சுமார் இரண்டு வாரம் கழித்துத்தான் பாதுகாப்பு கிடைக்கும். எனவே நம்ம ஊருக்கு மழை தொடங்கும் முன், செப்டம்பரிலேயே போட்டுக்கொள்வது பொருத்தம். வீட்டில் 60 வயதைத் தாண்டியவர்கள், கர்ப்பிணிகள், ஆஸ்துமா, சர்க்கரை நோய், இதய நோய் உள்ளவர்கள் இருந்தால் டாக்டரிடம் முன்கூட்டியே கேட்டுவிடலாம்.

இவ்வளவுக்குப் பிறகும் காய்ச்சல் வந்தால், மெடிக்கலில் "ஒரு ஆன்டிபயாட்டிக் குடுங்க" என்று கேட்பதில் பயனில்லை. ஆன்டிபயாட்டிக் வைரஸை ஒன்றும் செய்யாது. ரிஸ்க் உள்ளவர்களுக்கு டாக்டர் எழுதித்தரும் ஒசெல்டாமிவிர் மருந்தை, அறிகுறி தொடங்கிய 48 மணி நேரத்துக்குள் ஆரம்பித்தால் பலன் அதிகம். மூச்சுத் திணறல், நெஞ்சு வலி, மனக்குழப்பம், அல்லது குறைந்த காய்ச்சல் மறுபடி கூடுவது தெரிந்தால் மறுநாள் காலை வரை காத்திருக்காமல் அன்றே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக வேண்டும்.