வாத்தியார் தொழிலாளி இல்லையா?

இங்கிலீஷ் சொல்லிக்கொடுக்க ஜப்பானுக்குப் போன வெள்ளைக்காரர்கள் சோற்றுக்குத் தாளம் போட்ட கதை தெரியுமா?

ஒசாகாவில் தலைமை ஆபீஸ் வைத்திருந்த "நோவா" என்ற தனியார் இங்கிலீஷ் பள்ளி 2007 அக்டோபரில் திவாலானது. சுமார் 4 ஆயிரம் வெளிநாட்டு வாத்தியார்கள் தெருவுக்கு வந்தார்கள். பல மாதச் சம்பளத்தில் வாடகை என்று பிடித்த பணத்தைக்கூட கம்பெனி வீட்டுக்காரருக்குக் கட்டவில்லை. அடப்பாவி! சாப்பாடு போட்டால் பாடம் நடத்துகிறோம் என்று கிளம்பினார்கள். ஊழியர் நிதியில் கைவைத்ததாக முதலாளி 2008-ல் கைதானார்.

ஆனால் கம்பெனி திவாலானால் சம்பள பாக்கியில் 80 சதவீதம் வரை சர்க்காரே கொடுக்கும் ஏற்பாடு அங்கே உண்டு. வாத்தியாரும் அதில் சேர்த்தி.

இங்கே? தொழில் தகராறு சட்டப்படி ஆசிரியர் "தொழிலாளி" அல்ல என்று 1988-ல் சுப்ரீம் கோர்ட்டு சொல்லிவிட்டது. கோவா ஆசிரியை ஒருவரின் வழக்கு அது. கிராஜுவிட்டிக்கே 2009-ல் சட்டத்தைத் திருத்த வேண்டி வந்தது.

காரைக்காலில் மாடிக்கு மாடி "ஸ்போக்கன் இங்கிலீஷ்" போர்டு தொங்குகிறது. உள்ளே தொண்டை கிழியக் கத்துகிற நம்ம பிள்ளைகளில் எத்தனை பேர் கையில் வேலை உத்தரவு இருக்கிறது? புதுச்சேரி தொழிலாளர் துறை அதிகாரிகள் ஒரு நாள் மாடிப்படி ஏறிப் பார்க்கட்டும். என்ன சம்பளம், எந்தத் தேதியில் என்று எழுதிக் கொடுக்க வைக்கட்டும்.