இரவில் வந்த எஞ்சின்கள்

ரயில்களைப் படமெடுப்போரிடையே ஒரு நம்பிக்கை உலவுகிறது. மூடுபனியும் கொஞ்சம் புகையும் வாய்த்துவிட்டால் படத்தில் உணர்ச்சி தானே கூடிவிடும் என்பது அது. எங்களுக்கு இதில் உடன்பாடில்லை. ஓ. வின்ஸ்டன் லிங்க்கின் படங்களைப் பார்த்தபின் உடன்படுவது கடினம்.

லிங்க் நியூயார்க்கில் விளம்பரப் படங்கள் எடுத்துவந்தவர். 1955 ஜனவரியில் வேறொரு வேலையாக வர்ஜீனியா சென்றபோது, நார்ஃபோக் அண்ட் வெஸ்டர்ன் இருப்புப்பாதையில் நீராவி எஞ்சின்கள் இன்னும் ஓடுவதைக் கண்டார். அமெரிக்காவின் மற்ற பெரிய ரயில் நிறுவனங்கள் டீசலுக்கு மாறிக்கொண்டிருந்த காலம் அது. அடுத்த ஐந்தாண்டுகள், பெரும்பாலும் சொந்தப் பணத்தில், அந்தப் பாதைக்கே திரும்பத் திரும்பச் சென்றார். விரும்பி எடுத்தது இரவில். சூரியனை நகர்த்தி வைக்க முடியாது. இருட்டில் ஒவ்வொரு விளக்கும் அவர் வைத்த இடத்தில் எரியும். அந்த ஃபிளாஷ் பல்புகளோ ஒருமுறை எரிந்தால் தீர்ந்தன. பல மணி நேர ஏற்பாடு, ஒரு கண நேர வெளிச்சம்.

1956இல் மேற்கு வர்ஜீனியாவின் யேகர் என்ற சிற்றூரில் எடுத்த படமே அவருடையவற்றில் மிகவும் புகழ்பெற்றது. திறந்தவெளித் திரையரங்கு, வரிசையாகக் கார்கள், திரையில் ஒரு ஜெட் விமானம், பின்னால் வெண்புகை கக்கியபடி சரக்கு ரயில். முன்னால் ஒரு காரில் இளம் ஜோடி. அந்தக் கார் லிங்க்குடையது. ஃபிளாஷ் வெளிச்சத்தில் திரை வெளுத்துப்போனதால், விமானம் வேறொரு நெகட்டிவிலிருந்து பிறகு சேர்க்கப்பட்டது.

அப்படியானால் இது பொய்தானே என்று கேட்பவர்கள் உண்டு. (சிறுகதையில் பெயரை மாற்றினால் இவர்கள் கேட்பதில்லை.) அந்த ஊரில் ரயில் உண்மை, திரையரங்கு உண்மை. எங்களை உலுக்குவது வேறொன்று: அந்த ஜோடி ரயிலைத் திரும்பிப் பார்க்கவேயில்லை. லூரே அருகே ஓடையில் பிள்ளைகள் குளிக்க, மேலே பாலத்தில் ரயில் கடக்கும் படத்திலும் இதே நெருக்கம் உண்டு. எஞ்சினை மட்டும் எடுத்திருந்தால் அது இயந்திரப் பட்டியலுக்கு உதவியிருக்கும். அதன் பக்கத்தில் மனிதர்கள் தம் பாட்டுக்கு வாழ்ந்ததைச் சேர்த்து எடுத்ததால்தான் இழப்பின் அளவு தெரிகிறது.

படங்கள் போதாதென்று ஓசையையும் பதிவு செய்தார்; 1957இலிருந்து அவை இசைத்தட்டுகளாக வெளிவந்தன. 1960இல் அந்தப் பாதையில் நீராவி நின்றது. ரோனோக் நகரில் அதே நிறுவனத்தின் பழைய பயணியர் நிலையத்தில் 2004இல் லிங்க்குக்கு அருங்காட்சியகம் திறந்தார்கள். மூன்றாண்டுகளுக்கு முன்பே, 2001இல், அவர் இறந்திருந்தார்.