50 டெசிபலில் கும்பகோணம் பஸ்ஸில் பாட்டு கேட்க முடியுமா? நாய்ஸ் கேன்சலிங் இயர்போன் வாங்கும் முன் ஒரு கணக்கு

காலை 8 மணி, தஞ்சாவூர் புதிய பேருந்து நிலையம். கும்பகோணம் பஸ்ஸில் எஞ்சினுக்குப் பக்கத்து சீட்தான் கிடைக்கிறது. இயர்போனை மாட்டுகிறீர்கள். ராத்திரி வீட்டில் பாதி வால்யூமில் தெளிவாகக் கேட்ட அதே பாட்டு, இங்கே காதில் விழவே இல்லை. அய்யம்பேட்டை வருவதற்குள் வால்யூம் முக்கால் ஆகிவிடுகிறது. பாபநாசம் தாண்டும்போது ஃபுல். கும்பகோணத்தில் இறங்கி, சத்தமில்லாத ஒரு தெருவுக்குள் திரும்பும்போதுதான் உறைக்கும்: 'இவ்ளோ சத்தமாவா கேட்டுட்டு வந்தோம்?'

டெல்டாவில் தினமும் வேலைக்கோ காலேஜுக்கோ போய் வருகிற பலருக்கும் இது பழகிப்போன விஷயம். ஆனால் காதுக்கு இது பழகாது.

2025 பிப்ரவரியில் மத்திய சுகாதார சேவைகள் தலைமை இயக்குநரகம் மாநிலங்களுக்கு ஓர் அறிவுறுத்தல் அனுப்பியது. தேவையில்லாமல் இயர்போன், ஹெட்போன் பயன்படுத்த வேண்டாம்; பயன்படுத்தினால் ஒலி 50 டெசிபலுக்கு மேல் போக வேண்டாம்; ஒரு நாளைக்கு 2 மணி நேரத்துக்கு மேல் வேண்டாம்; நடுநடுவே இடைவெளி விடுங்கள் என்பதுதான் சாரம். இதையொட்டி தமிழ்நாடு பொது சுகாதாரத் துறையும் எச்சரித்தது.

நல்ல அறிவுரைதான். ஆனால் பஸ்ஸில் இதைக் கடைப்பிடிக்க முடியுமா? நாய்ஸ் கேன்சலிங் இயர்போன் வாங்கலாமா என்ற கேள்வி இங்கேதான் தொடங்குகிறது.

பிரச்சினை பாட்டா, பஸ்ஸா?

50 டெசிபல் என்றால் எவ்வளவு? இரண்டு பேர் சாதாரணமாகப் பேசிக்கொள்வது சுமார் 60 டெசிபல். 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி, குடியிருப்புப் பகுதியில் பகல் நேர வரம்பே 55 டெசிபல். அதாவது, வீட்டுத் தெருவில் சட்டம் அனுமதிக்கும் சத்தத்தைவிடக் குறைவாகப் பாட்டு கேட்கச் சொல்கிறார்கள்.

பஸ்ஸுக்குள் எவ்வளவு சத்தம் என்று தெரிய மீட்டர் வேண்டியதில்லை. ஒரு கை தூரத்தில் இருப்பவரிடம் குரலை உயர்த்திப் பேச வேண்டியிருந்தால், சுற்றுச் சத்தம் 85 டெசிபலை நெருங்கிவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம். அந்த இடத்தில் 50 டெசிபல் பாட்டு கேட்கவே கேட்காது. அதனால்தான் விரல் தானாக வால்யூம் பட்டனுக்குப் போகிறது. பாட்டு பிடித்து ஏற்றுவதில்லை, எஞ்சினை ஜெயிக்கத்தான் ஏற்றுகிறோம்.

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு கொஞ்சம் வேறு மாதிரி. ஒரு வாரத்தில் 80 டெசிபலில் 40 மணி நேரம் வரை கேட்கலாம் என்கிறது அது. ஒலி 3 டெசிபல் கூடினால் அந்த நேரம் பாதியாகும். 83 டெசிபலுக்கு 20 மணி நேரம், 86க்கு 10 மணி நேரம், 89க்கு வெறும் 5 மணி நேரம்.

இதை நம் பஸ்ஸில் போட்டுப் பார்ப்போம். போக ஒன்றரை, வர ஒன்றரை என்று தினமும் 3 மணி நேரம். 86 டெசிபலில் கேட்டால் புதன்கிழமைக்குள் 9 மணி நேரம் முடிந்துவிடும். வியாழன் காலை பஸ்ஸிலேயே அந்த வார ஒதுக்கீடு காலி. அதே ஆள் 6 டெசிபல் மட்டும் குறைத்து 80இல் கேட்டால், வாரம் ஆறு நாளும் போய் வந்து 18 மணி நேரம் கேட்டாலும் வரம்புக்குள்தான் இருப்பார்.

அந்த 6 டெசிபலைக் குறைக்க உதவுமா என்பதுதான் நாய்ஸ் கேன்சலிங்கிடம் கேட்க வேண்டிய ஒரே கேள்வி.

நாய்ஸ் கேன்சலிங் எப்படி வேலை செய்கிறது?

வாய்க்கால் தண்ணீரில் இரண்டு பக்கத்திலிருந்து அலை வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றின் மேடும் இன்னொன்றின் பள்ளமும் சரியாக ஒரே இடத்தில் சந்தித்தால், அங்கே தண்ணீர் சமமாகிவிடும். சத்தமும் அலைதான். இயர்போனில் இருக்கும் குட்டி மைக் வெளிச் சத்தத்தைப் பிடிக்கிறது. உள்ளே இருக்கும் சிப் அதற்கு நேர் எதிரான அலையை உருவாக்கி ஸ்பீக்கர் வழியே அனுப்புகிறது. இரண்டும் சேரும்போது இரைச்சல் அடங்குகிறது. பாட்டு மட்டும் மிஞ்சுகிறது.

இந்த யோசனைக்கு வயது அதிகம். பால் லூக் என்ற ஜெர்மானியர் 1930களிலேயே இதற்குக் காப்புரிமை பெற்றார். 1978இல் விமானப் பயணத்தில் பாட்டு சரியாகக் கேட்காமல் கடுப்பான அமர் போஸ், அந்தப் பயணத்திலேயே கணக்குப் போடத் தொடங்கினார். வங்காள சுதந்திரப் போராட்ட வீரர் ஒருவரின் மகன் அவர். 1989இல் அவருடைய நிறுவனம் விமானிகளுக்கான ஹெட்செட்டை விற்பனைக்குக் கொண்டுவந்தது. இன்று 2,000 ரூபாய் இயர்பட்ஸிலேயே இந்த வசதி வருகிறது.

எதை அடக்கும், எதை அடக்காது?

ஒரே சீராக ஓடும் தடித்த சத்தங்களை நன்றாக அடக்கும். பஸ் எஞ்சின் உறுமல், ராத்திரி உழவன் எக்ஸ்பிரஸில் ஏசி பெட்டியின் 'ம்ம்ம்' சத்தம், ஆபீஸ் ஏசி, கொஞ்ச தூரத்தில் ஓடும் ஜெனரேட்டர் எல்லாம் இந்த வகை.

திடீரென்று வரும் கூர்மையான சத்தங்களில் தடுமாறும். ஏர்ஹார்ன், கண்டக்டர் விசில், குழந்தை அழுகை, பக்கத்து சீட்டுக்காரரின் ஸ்பீக்கர் ரீல்ஸ் போன்றவற்றைத் தடுப்பது பெரும்பாலும் சிப் இல்லை, காதை அடைக்கும் ரப்பர் முனைதான்.

இன்னொரு எதிரி காற்று. ஜன்னலோர சீட்டில் காற்று நேராக மைக்கில் மோதினால், அதையே சத்தமாக எடுத்துக்கொண்டு சில இயர்பட்ஸ் 'புஸ் புஸ்' என்று இரையும். ஜன்னல் சீட் விரும்பிகள் காற்று இரைச்சலைக் குறைக்கும் வசதி இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

பாக்ஸில் என்ன பார்க்கணும்?

*ஏஎன்சியா, ஈஎன்சியா?* நிறையப் பேர் ஏமாறுவது இங்கேதான். ஏஎன்சி என்பது நீங்கள் கேட்கும் இரைச்சலைக் குறைப்பது. ஈஎன்சி என்பது போன் பேசும்போது எதிர்முனையில் இருப்பவருக்கு உங்கள் பக்கத்து இரைச்சல் கேட்காமல் செய்வது. பஸ்ஸில் பாட்டு கேட்க ஈஎன்சியால் ஒரு பயனும் இல்லை. 'நாய்ஸ் கேன்சலேஷன்' என்று பொதுவாகப் போட்டிருந்தால், எது என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

*'50 டெசிபல் வரை' என்ற விளம்பரம்.* அந்த 'வரை'யைக் கவனிங்க. குறிப்பிட்ட ஏதோ ஓர் அலைவரிசையில் கிடைத்த உச்ச அளவு அது. எல்லாச் சத்தமும் அவ்வளவு குறையும் என்று அர்த்தமில்லை.

*ரப்பர் முனை.* பாக்ஸில் குறைந்தது மூன்று அளவு இருக்க வேண்டும். காதில் சரியாக உட்காராவிட்டால் எத்தனை ஆயிரம் கொடுத்து வாங்கினாலும் எஞ்சின் சத்தம் இடுக்கு வழியே உள்ளே வந்துவிடும்.

*வெளிச்சத்தம் கேட்கும் மோட்.* டிரான்ஸ்பரன்சி, ஆம்பியன்ட் என்று பல பெயர்களில் வரும். ஸ்டாப் பெயரைக் கேட்கவும் கண்டக்டருக்குப் பதில் சொல்லவும் இது வேணும்.

*பேட்டரி.* பெரிய எழுத்தில் போட்டிருக்கும் மணிக்கணக்கு பெரும்பாலும் ஏஎன்சி ஆஃப் செய்த கணக்கு. ஆன் செய்தால் எவ்வளவு என்பது சின்ன எழுத்தில் இருக்கும். வயரில்லா இயர்பட்ஸில் பேட்டரியை மாற்றுவதும் சுலபமில்லை. சில வருடங்களில் தேயும் பொருள் என்று தெரிந்தே பட்ஜெட் போடுங்கள்.

தனி மியூசிக் ப்ளேயர் தேவையா?

1979இல் வாக்மேன், 2001இல் ஐபாட் என்று வந்த கதையில், கடைசி ஐபாட் மாடலையும் 2022 மே மாதம் ஆப்பிள் நிறுத்திவிட்டது. சோனி போன்ற சில நிறுவனங்கள் இன்னும் தனி ப்ளேயர் செய்கின்றன. விலை நல்ல ஸ்மார்ட்போனுக்கு நிகராக இருக்கலாம்.

பெரும்பாலானவர்களுக்குப் போன் போதும். பாட்டு நடுவில் மெசேஜ், கால் எதுவும் வேண்டாம் என்பவர்கள், போன் பேட்டரியைக் காப்பாற்ற நினைப்பவர்கள், கச்சேரிப் பதிவுகளைக் கோப்புகளாகச் சேர்த்து வைத்திருப்பவர்கள் மட்டும் தனி ப்ளேயர் பற்றி யோசிக்கலாம்.

அந்தக் கடைசி வகைக்கு ஒரு கணக்கு. இரண்டரை மணி நேரக் கச்சேரி 320 கேபிபிஎஸ் எம்பி3 ஆக இருந்தால் சுமார் 360 எம்பி. தரம் இழக்காத ஃப்ளாக் கோப்பாக இருந்தால் 800, 900 எம்பி வரை போகும். 64 ஜிபி மெமரி கார்டில் ஃப்ளாக் கச்சேரிகள் எழுபதுக்கு மேல் அடங்கும். கார்டு போடும் இடம் உங்கள் போனிலேயே இருந்தால் தனி ப்ளேயருக்கான பாதிக் காரணம் போச்சு.

ஃப்ளாக் கோப்பை வைத்துக்கொண்டு சாதாரண புளூடூத்தில் கேட்டால், காதுக்கு வருவதற்குள் அது சுருக்கப்பட்டுவிடும். எல்டிஏசி போன்ற உயர்தர கோடெக் போனிலும் இயர்போனிலும், இரண்டிலுமே, இருந்தால்தான் வித்தியாசம் கிடைக்கும். அதிலும் மூலப் பதிவு நன்றாக இருக்க வேண்டும். திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையின் பழைய இசைத்தட்டு நாகஸ்வரத்தை எந்த கோடெக்காலும் புதுப் பதிவாக்க முடியாது.

பழைய ப்ளேயர் செகண்ட் ஹேண்டில் வாங்குபவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. சில வாக்மேன் மாடல்களில் நாய்ஸ் கேன்சலிங் வேலையை ப்ளேயரே செய்யும். அதற்கென்று மைக் வைத்த இயர்போனைச் செருகினால் மட்டுமே அது ஓடும். அந்த இயர்போன் இல்லாமல் ப்ளேயர் மட்டும் வாங்கினால் வசதி இருந்தும் இல்லாத மாதிரிதான்.

எங்கே மாட்டக் கூடாது?

*டூ வீலரில், சாலையில் நடக்கும்போது.* இந்தக் கருவி நன்றாக அடக்குவது எஞ்சின் சத்தத்தை என்று மேலே பார்த்தோம். பின்னால் வரும் லாரியும் எஞ்சின்தான்.

*தண்டவாளத்தின் பக்கத்தில்.* அனுமதியில்லாமல் தண்டவாளத்தைக் கடப்பதே ரயில்வே சட்டத்தின் 147ஆவது பிரிவின்படி குற்றம். 6 மாதம் வரை சிறை, அல்லது 1,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். காதை அடைத்துக்கொண்டு கடப்பது அபராதத்தோடு முடியாமல் போகலாம்.

*அறுவடை மெஷினில்.* இதைத் தனியாகச் சொல்லணும். குறுவையும் சம்பாவும் அறுவடைக்கு வரும்போது டெல்டா வயல்களில் மெஷின் காலை முதல் இருட்டும்வரை ஓடும். மெஷின் ஓட்டுபவர்கள், டிராக்டர் ஓட்டுபவர்கள் காதில் இயர்போனோடு இருப்பதைப் பார்க்கலாம். இயர்பட்ஸ் காதுப் பாதுகாப்புக் கருவி கிடையாது. மெஷின் சத்தத்தில் ஒரு பகுதியைக் குறைத்தாலும், மிச்சத்தை மீற வால்யூமை ஏற்றினால் காதுக்கு இரட்டை அடி. மெஷினுக்குப் பின்னால் நிற்பவர் கத்துவதும் கேட்காது. அங்கே தேவை, எவ்வளவு ஒலியைக் குறைக்கும் என்று தரச் சான்று பெற்ற இயர்மஃப் அல்லது இயர்ப்ளக். வீட்டில் யாராவது மெஷின் ஓட்டினால், இயர்பட்ஸுக்கு முன்னால் வாங்கித் தர வேண்டியது இதுதான்.

கடைசியில், வாங்கலாமா?

தினமும் பஸ், ரயிலில் ஒரு மணி நேரத்துக்கு மேல் பாட்டு கேட்பவர் என்றால், வாங்கலாம். வீட்டில், அமைதியான அறையில் மட்டும் கேட்பவர் என்றால் தேவையில்லை. அந்தக் காசுக்கு நல்ல சாதாரண இயர்போனே கிடைக்கும்.

வாங்கிய பிறகு ஒரு சோதனை செய்யுங்கள். வழக்கமான பஸ், வழக்கமான சீட், வழக்கமான பாட்டு. ஏஎன்சியை ஆஃப் செய்து, வரிகள் தெளிவாகக் கேட்கும் வால்யூம் எத்தனை கோடு என்று பாருங்கள். பிறகு ஆன் செய்துவிட்டுக் குறைத்துக்கொண்டே வாருங்கள். இரண்டு மூன்று கோடு குறைந்தும் வரிகள் தெளிவாகக் கேட்டால், கொடுத்த காசு வேலை செய்கிறது. 'அமைதியா இருக்கு, இன்னும் நல்லா கேக்குதே' என்று பழைய வால்யூமிலேயே விட்டால், கருவியால் காதுக்கு ஒரு லாபமும் இல்லை.

பஸ்ஸை விட்டு இறங்கிய பிறகு காதில் 'ஙொய்' என்று சத்தம் கேட்பது, அடைத்த மாதிரி இருப்பது, மற்றவர்கள் பேசுவதைத் திரும்பச் சொல்லச் சொல்வது... இவை அடிக்கடி நடந்தால் தள்ளிப்போடாதீர்கள். உள்காதில் ஒலியை உணரும் மயிரிழை செல்கள் அழிந்தால் மனிதர்களுக்குத் திரும்ப முளைப்பதில்லை. தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை போன்ற அரசு மருத்துவமனைகளின் காது-மூக்கு-தொண்டைப் பிரிவில் காட்டி, கேட்கும் திறனைப் பரிசோதித்துக்கொள்ளலாம்.

இயர்பட்ஸ் கெட்டுப்போனால் அடுத்த ஆஃபரில் வேறு வாங்கிக்கலாம். காதுக்கு அந்த ஆஃபர் கிடையாது. நாளைக்குக் காலை பஸ் ஏறியதும் முதலில் அந்த வால்யூம் கோட்டை எண்ணிப் பாருங்கள்.