இப்போது இடமில்லை, அடுத்த ஆண்டு வா

அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்திலுள்ள மிடில்பரி கல்லூரியில் பிப்ரவரி மாதத்தில் ஒரு பட்டமளிப்பு நடக்கும். கறுப்பு அங்கியும் தொப்பியும் அணிந்த மாணவர்கள் கல்லூரிக்குச் சொந்தமான பனிமலைச் சரிவில் சறுக்கிக்கொண்டே இறங்கி வருவார்கள். கீழே பெற்றோர் கைதட்டிக் காத்திருப்பார்கள். ஆண்டுதோறும் சுமார் நூறு பேர். ‘ஃபெப்’ என்று செல்லமாக அழைக்கப்படும் இவர்கள், மற்றவர்களைப் போலச் செப்டம்பரில் சேராமல் பிப்ரவரியில் சேர்ந்தவர்கள். 1970-களில் தொடங்கிய சேர்க்கைமுறை இது. விண்ணப்பத்திலேயே செப்டம்பரா, பிப்ரவரியா, எதுவானாலும் சரியா என்று கேட்டுவிடுகிறார்கள். ஒளிவுமறைவு கிடையாது.

முதலாண்டுச் சேர்க்கைக்கு இப்படிச் சுற்றுவழி வைத்திருக்கும் கல்லூரிகள் அமெரிக்காவில் இன்று ஏராளம். பாஸ்டனின் நார்த்ஈஸ்டர்ன் பல்கலைக்கழகம் ஒரு பகுதி மாணவர்களை முதல் செமஸ்டருக்கு வெளிநாட்டுக்கு அனுப்பிவிட்டு, ஜனவரியில் பாஸ்டனுக்கு அழைத்துக்கொள்கிறது. மேரிலாந்து பல்கலைக்கழகத்தில் ஜனவரிச் சேர்க்கை பெற்றவர்கள், அதற்கு முந்தைய செமஸ்டரில் பிற்பகலுக்கு மேல் நடக்கும் தனி வகுப்புகளில் படித்துக்கொள்ளலாம். கார்னெல் பல்கலைக்கழகம் இன்னும் தள்ளிப் போகிறது. முதலாண்டில் இடம் மறுக்கப்பட்ட சிலருக்கு மட்டும் ஒரு கடிதம் வரும்: வேறொரு கல்லூரியில் ஓராண்டு படி, சொல்கிற பாடங்களில் சொல்கிற மதிப்பெண் எடு, இரண்டாம் ஆண்டில் இங்கே வந்து சேரலாம். கிடைக்கவில்லையே என்று அழத் தொடங்கிய பிள்ளை பாதியில் நிறுத்திவிட்டு, இது நல்ல செய்தியா கெட்ட செய்தியா என்று அப்பாவைக் கேட்கும் கடிதம்.

கல்லூரிகள் ஏன் இப்படிச் செய்கின்றன? விடையில் பாதி, விடுதிக் கட்டில் கணக்கு. செப்டம்பரில் நிரம்பி வழியும் விடுதி ஜனவரியில் காலியாகும். டிசம்பரில் படிப்பை முடிப்பவர்கள், வெளிநாட்டுப் படிப்புக்குப் போகிறவர்கள், பாதியில் நிற்பவர்கள் எல்லாம் கிளம்பிவிடுவார்கள். 2022-இல் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் நடந்ததைப் பார்த்தால் இது விளங்கும். மாணவர் கூட்டத்தால் சுற்றுச்சூழல் கெடுகிறது என்று அக்கம்பக்கத்துக் குடியிருப்பாளர் குழு தொடர்ந்த வழக்கில், மாணவர் எண்ணிக்கையை 2020-21 அளவுக்கு மேல் கூட்டக்கூடாது என்று நீதிமன்றம் தடைபோட்டது. மாநில உச்ச நீதிமன்றமும் அந்தத் தடையை நீக்க மறுத்துவிட்டது. உடனே பல்கலைக்கழகம் எடுத்த ஆயுதம், சிலருக்கு முதல் செமஸ்டர் இணையத்தில், சிலருக்குச் சேர்க்கை ஜனவரியில் என்பதுதான். சில நாட்களிலேயே சட்டமன்றம் சட்டத்தைத் திருத்திக் காப்பாற்றியது. (இளைஞர்களின் இரைச்சலும் சுற்றுச்சூழல் மாசு என்று வாதாட முடிந்தது தனிக் கதை.)

விடையின் மறுபாதியைக் கல்லூரிகள் உரக்கப் பேசுவதில்லை. கூட்டாட்சி அரசுக்குக் கல்லூரிகள் தரும் கணக்கில், முதன்முறையாகக் கல்லூரிக்கு வந்து, செப்டம்பரை ஒட்டி முழுநேரமாகச் சேர்ந்தவர்களே ‘முதலாண்டுக் குழு’. சராசரி எஸ்.ஏ.டி. மதிப்பெண்ணும், எத்தனை பேர் படிப்பை முடித்தார்கள் என்ற விகிதமும் பெரும்பாலும் இந்தக் குழுவை வைத்தே பேசப்படுகின்றன. ஓராண்டு கழித்து இடம் மாறி வருபவர் இதில் சேரமாட்டார். கட்டணம் மட்டும் முழுதாகக் கட்டுவார். தரவரிசைக்காகத்தான் செய்கிறார்கள் என்று எந்தக் கல்லூரி மீதும் ஆதாரமில்லாமல் பழி போட முடியாது. ஆனால் ஒரு மாணவரை மறுத்த புள்ளிவிவரமும் வேண்டும், அவர் கட்டும் பணமும் வேண்டும் என்று நினைக்கும் நிர்வாகத்துக்கு இதைவிட வசதியான ஏற்பாடு அமைவது கடினம்.

சுற்றுவழி யாருக்குத் திறக்கிறது என்பது அதைவிடப் பெரிய கேள்வி. சேர்க்கையில் இனத்தைக் கணக்கில் எடுப்பதை எதிர்த்து ஹார்வர்டு மீது தொடுத்த வழக்கு 2018-இல் பாஸ்டன் நீதிமன்றத்தில் விசாரணைக்கு வந்தபோது, ‘இசட் பட்டியல்’ என்ற ஒன்றின் விவரங்கள் வெளிச்சத்துக்கு வந்தன. ஓராண்டு வெளியே இருந்துவிட்டு வா என்ற நிபந்தனையோடு, ஆண்டுக்கு ஐம்பது, அறுபது பேரை ஹார்வர்டு சேர்த்துக்கொண்டு வந்திருக்கிறது. அவர்களில் கிட்டத்தட்டப் பாதிப் பேர் பழைய மாணவர்களின் பிள்ளைகள், பெரும்பான்மையோர் வெள்ளையர். இந்தப் பட்டியலில் இடம் கேட்டு யாரும் விண்ணப்பிக்க முடியாது. மேலே இருப்பவர்கள் பார்த்துக் கொடுப்பதுதான்.

ஆகவே ‘உத்தரவாதம்’ என்ற சொல்லைக் கேட்டு மயங்குவதற்கு முன், அந்த உத்தரவாதத்தின் நிபந்தனை ஊரறிய எழுதப்பட்டிருக்கிறதா, அதை யார் வேண்டுமானாலும் நிறைவேற்றி உரிமையோடு கேட்கலாமா என்று பார்க்க வேண்டும். அப்படி இருந்தால் அது சேர்க்கைமுறை. இல்லையென்றால் சலுகை.

டெக்சாஸ் இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. பள்ளியில் முதல் பத்து சதவீதத்தில் வந்தால் அரசுப் பல்கலைக்கழகத்தில் இடம் உறுதி என்று 1997-இல் அங்கே சட்டம் வந்தது. டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் ஆஸ்டின் வளாகம் திணறியதால் அங்கே மட்டும் அந்த வரம்பு படிப்படியாகச் சுருங்கியது. இடம் கிடைக்காத டெக்சாஸ் மாணவர்களுக்காக 2001-இல் ‘கேப்’ என்ற திட்டம் வந்தது. அதே பல்கலைக்கழகக் குடும்பத்தைச் சேர்ந்த சான் அன்டோனியோ, ஆர்லிங்டன், எல் பாசோ போன்ற ஒரு வளாகத்தில் ஓராண்டில் 30 கிரெடிட் முடித்து, 3.2 ஜி.பி.ஏ. எடுத்தால் ஆஸ்டினுக்கு மாறலாம். எண்கள் வெளிப்படையானவை. ஆனால் கதவு திறப்பது கலை, சமூக அறிவியல் போன்ற துறைகளுக்குத்தான். பொறியியலும் வணிகமும் கணினியும் தனிப் போட்டி. டல்லாஸ் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்களில் பிள்ளைகள் பெரும்பாலும் குறிவைப்பது அந்த மூன்றையும்தான் என்பதால், ‘கேப்’ கடிதம் வந்த வீட்டில் பாயசம் வைப்பதா வேண்டாமா என்ற குழப்பம் நியாயமானதே.

இதில் யாரும் கவலைப்படாத ஒரு தரப்பு உண்டு. நல்ல மாணவரை ஓராண்டு வைத்துப் பாடம் சொல்லி ஆஸ்டினுக்கு வழியனுப்பும் சான் அன்டோனியோ வளாகத்தின் ஏட்டில், அவர் பட்டம் முடிக்காமல் போனவர். எந்தக் கணக்கு ஆஸ்டினைத் தொடாமல் விடுகிறதோ, அதே கணக்கு சான் அன்டோனியோவைக் குத்துகிறது.

கலிஃபோர்னியாவில்தான் இந்த யோசனை முழு வடிவம் எடுத்தது. கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் அன்றைய தலைவர் கிளார்க் கெரின் முயற்சியால் 1960-இல் உருவான பெருந்திட்டம், பள்ளி முடிப்போரில் மேல்நிலையில் உள்ள எட்டில் ஒரு பங்கினருக்குக் கலிஃபோர்னியா பல்கலைக்கழகம், மூன்றில் ஒரு பங்கினருக்கு மாநிலப் பல்கலைக்கழகம், மற்ற எல்லோருக்கும் சமுதாயக் கல்லூரி என்று பிரித்தது. சமுதாயக் கல்லூரியில் இரண்டு ஆண்டு படித்தவர் மேலே ஏறி வரப் படிக்கட்டும் வைத்தது. இன்று 116 சமுதாயக் கல்லூரிகள். மாநில மாணவருக்கு ஒரு யூனிட்டுக்கு 46 டாலர். மாறுவதற்குத் தேவையான 60 யூனிட்டுக்கு 2,760 டாலர். பல்கலைக்கழகத்தில் ஓராண்டுக் கல்விக் கட்டணமே இதைப் போல ஐந்து மடங்குக்கு மேல்.

டேவிஸ், இர்வைன், மெர்செட், ரிவர்சைடு, சான்டா பார்பரா, சான்டா குரூஸ் ஆகிய ஆறு கலிஃபோர்னியா பல்கலைக்கழக வளாகங்கள், சமுதாயக் கல்லூரியிலிருந்து மாறி வருவோருக்கு ‘டேக்’ என்ற எழுத்துப்பூர்வ உத்தரவாதம் தருகின்றன. மாணவர் செப்டம்பர் மாதத்துக்குள் அதற்கான படிவத்தை நிரப்ப வேண்டும். எந்தச் சமுதாயக் கல்லூரியின் எந்தக் கணக்குப் பாடம் எந்த வளாகத்தின் எந்தப் பாடத்துக்கு ஈடு என்று ‘அசிஸ்ட்’ இணையதளத்தில் வரிக்கு வரி பார்த்துக்கொள்ளலாம். பள்ளியில் என்ன மதிப்பெண், அப்பா எங்கே படித்தார் என்று யாரும் கேட்பதில்லை. ஃப்ரீமான்ட் நகரத்து ஐ.டி. குடும்பங்களில், பக்கத்திலிருக்கும் ஓலோனி சமுதாயக் கல்லூரியின் பெயரை எடுத்தால் முகம் சுளிக்கும் பெற்றோர் உண்டு. அந்தக் கல்லூரியிலிருந்து அவர்கள் ஆசைப்படும் வளாகத்துக்கே போக முடியும் என்பதும், கடைசியில் கையில் வாங்கும் பட்டத்தில் வேறுபாடு இருக்காது என்பதும் அந்தச் சுளிப்பில் மறந்துபோகிறது.

ஓட்டைகள் இல்லாமல் இல்லை. பெர்க்லி, லாஸ் ஏஞ்சலிஸ், சான் டியேகோ ஆகிய மூன்றும் இந்த உத்தரவாதத்தைத் தருவதில்லை. சான்டா பார்பராவில் பொறியியலுக்கும் சான்டா குரூஸில் கணினி அறிவியலுக்கும் ‘டேக்’ செல்லாது. நாடு முழுக்கப் பார்த்தால் நிலைமை இன்னும் மோசம். சமுதாயக் கல்லூரியில் சேர்பவர்களில் பெரும்பாலோர் பட்டம் வரை போக நினைத்தாலும், நான்காண்டுக் கல்லூரிக்கு மாறுவோர் மூன்றில் ஒருவர். ஆறு ஆண்டுக்குள் இளங்கலைப் பட்டம் பெறுவோர் ஆறில் ஒருவர். இடையில் தடுக்கிவிடுவது பெரும்பாலும் கிரெடிட். கல்லூரி மாறும் மாணவர்கள் சராசரியாக 43 சதவீத கிரெடிட்களை இழக்கிறார்கள் என்று அமெரிக்க நாடாளுமன்றத்தின் தணிக்கை அலுவலகம் 2017-இல் மதிப்பிட்டது. படித்த பாடத்தையே இன்னொரு முறை பணம் கட்டிப் படிப்பது என்று இதற்குப் பொருள். இடம் தருகிறேன் என்று எழுதிக்கொடுத்துவிட்டு, வந்த பிறகு நீ படித்த வேதியியல் எங்கள் வேதியியல் ஆகாது என்று சொல்லும் கல்லூரி, கொடுத்த வாக்கில் பாதியைத்தான் காப்பாற்றியிருக்கிறது.

தமிழ்நாட்டு வாசகருக்கு இது புரியாத சங்கதி அல்ல. பாலிடெக்னிக் டிப்ளமோ முடித்தவர்கள் பி.இ. இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேர்கிறார்கள். காரைக்குடி அழகப்பச் செட்டியார் அரசு பொறியியல் கல்லூரியில் பல ஆண்டுகள் நடந்த அந்தக் கலந்தாய்வில், மதிப்பெண்படி வரும் தரவரிசைப் பட்டியல் எல்லோரும் பார்க்கக் கிடைக்கும். அங்கே குறைகள் ஆயிரம் சொல்லலாம். யாருக்கு ஏன் இடம் கிடைத்தது என்பது மட்டும் ரகசியமல்ல.

அமெரிக்கத் தனியார் கல்லூரிகளிடம் இந்த அளவு வெளிப்படைத்தன்மையைக் கேட்பது அதிகமில்லை. கல்லூரிகள் ஆண்டுதோறும் வெளியிடும் பொதுத் தரவுப் படிவத்தில், மாறி வரும் மாணவர்களுக்கென ‘டி’ என்று ஒரு பகுதி இருக்கிறது. எத்தனை பேர் விண்ணப்பித்தார்கள், எத்தனை பேருக்கு இடம் கிடைத்தது, எத்தனை பேர் சேர்ந்தார்கள் என்று அதில் எழுதுகிறார்கள். உத்தரவாதக் கடிதத்தோடு வந்தவர்கள் அதில் தனியாகத் தெரிவதில்லை. கடிதம் எத்தனை பேருக்குப் போனது, அவர்களில் எத்தனை பேர் நிபந்தனையை முடித்து வந்து சேர்ந்தார்கள், எத்தனை பேர் பழைய மாணவர்களின் பிள்ளைகள் என்று மூன்று வரிகள் கூட்டினால் போதும். மே 1-ஆம் தேதிக்குள் ஏதாவது ஒரு கல்லூரிக்கு முன்பணம் கட்டியாக வேண்டிய குடும்பம், அந்த மூன்று எண்களைப் பார்த்துவிட்டுக் கடிதத்தை நம்பலாமா என்று முடிவு செய்துகொள்ளும்.